நாற்பத்து மூன்று நிறைகுடங்கள்

கூச்சம் உள்ளவனைத்தான் சங்கத்துக்குக் காரியதரிசியாகப் போடுவார்கள். இது நான் அனுபவத்தில் கண்ட உண்மை. வேண்டாம் என்று சொல்வதானால் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் பேசாமல் காரியதரிசியாகவே இருந்துவிடலாம் என்று அவன் உட்கார்ந்திருப்பான். நான் அப்படி உட்கார்ந்தபடியே காரியதரிசி ஆனவன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. குடை திருத்துவது தொழில். கண்டியில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆகவே குடைக்காரனுக்குச் சோற்றுக்கும் பஞ்சமில்லை. கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல தொழிலும் கிடையாது. வந்தவரின் முகத்தைப் பார்க்காமல் குடையை மட்டும் பார்த்தே பேசிவிடலாம். (இன்றைக்கும் என் வாடிக்கையாளரில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியாது. கம்பி முறிந்த இடத்தைச் சொன்னால் ஆள் யார் என்று சொல்லிவிடுவேன்.) படிப்பு, மடுல்கெல்லப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பை இரண்டு தரம் படித்ததால், பெண் பார்க்கப் போனபோது என் மாமா அதை ஆறு என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் குடியிருந்த சந்து, கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து பிரிந்து செங்குத்தாகக் கீழே இறங்கும். மேல்கோடியில் கடைகள். மடவளையிலிருந்தும் அலவத்துகொடவிலிருந்தும் வந்த முஸ்லிம் வியாபாரிகள் பாக்கும் மிளகும் வாங்கி விற்றார்கள். நடுவில் பழைய சிங்கள வீடுகள் கொஞ்சம். கீழ்க்கோடியில் நகரசபைத் தெருக்கூட்டும் தொழிலாளரின் லயம், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை அறைகள். தோட்டத்தை விட்டுத் தகரப் பெட்டியோடு டவுனுக்கு வந்த எங்களைப் போன்றவர்கள், எங்கே இடம் கிடைத்ததோ அங்கே புகுந்துகொண்டோம். சந்து மாறிக்கொண்டே இருந்தது. ஒரு வீடு கடையாகும். ஒரு கடை இரண்டு அறையாகும். புதிதாக வந்தவனைப் பழையவன் சந்தேகமாகப் பார்ப்பான். அவனுக்கு முன்னால் வந்தவன் இரண்டு பேரையுமே சந்தேகமாகப் பார்ப்பான்.

எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர்க் கஷ்டம். நூற்றிருபது படி கீழே இறங்கினால் பாறையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும். அதைப் பீலி என்போம். மேல்கோடிக் கடைக்காரர்கள் தண்ணீர் சுமக்க ஆள் வைத்திருந்தார்கள். மற்ற வீடுகளில் பெண்கள் சுமந்தார்கள். என் மனைவி செல்லம்மாவும் சுமந்தாள். அப்போது அவள் வயிற்றில் ஆறு மாதம். நான் சுமந்திருக்கலாம். ஆனால் ஆண்பிள்ளை குடம் தூக்கினால் சந்தே சிரிக்குமே என்று கூச்சம். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வரும்போது நான் குடைக்குள் தலையை விட்டு ஓட்டை பார்த்துக்கொண்டிருப்பேன். என் கூச்சத்தில் நான் இன்றுவரை வெட்கப்படுகிற பகுதி அதுதான்.

எல்லோருக்கும் வோட்டு வந்த புதிது அது. கண்டியில் நாலு பேர் ஓரிடத்தில் நின்றால் ஐந்தாவது ஆள் வந்து சங்கம் வைப்போமா என்று கேட்பான். எங்கள் சந்திலும் கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சுலைமான் நானாவின் பாக்குக் கிட்டங்கியில் கூட்டம். கடைக்காரர்களுக்குக் கதிரை, நடுவீட்டுக்காரர்களுக்குப் பாக்குச் சாக்கு, லயத்து ஆட்கள் வாசலுக்கு வெளியே. யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. தானாகவே அப்படி அமைந்துவிட்டது.

சுலைமான் நானா பெரிய தாடியும் பெரிய குரலும் உள்ளவர். நல்ல மனிதர். அவர்தான் ஆரம்பித்தார். "நகரசபைக்கு ஒரு மனுப் போடுவம். பைப்பு ஒண்டு கேப்பம். மேலுக்கு, ரோட்டோரமா வெச்சா எல்லாருக்கும் லேசுதானே?"

வாசலுக்கு வெளியிலிருந்து மாரியாயி அக்கா கேட்டாள். அவள் லயத்தில் இருந்தவள். தினமும் காலையில் எங்கள் சந்தையும் வீதியையும் கூட்டுகிறவள். "மேலுக்கு வச்சா எங்கள கிட்ட விடுவீங்களா நானா?"

"விடாம என்ன? எல்லாரும் எடுத்து முடிஞ்ச பொறகு..."

"ஆங்! முடிஞ்ச பொறகு!" மாரியாயி அக்கா இடுப்பில் கை வைத்தாள். "ஒங்க கட வாசல தெனம் கூட்டுறது இந்தக் கைதான? கூட்டுறப்ப சுத்தமா இருக்கிற கை, கொடத்தத் தொட்டா மட்டும் அழுக்காயிருமா? அப்ப ஒண்ணு செய்வோம். நாளையிலருந்து நானும் எல்லாரும் கூட்டி முடிஞ்ச பொறகு வந்து கூட்டுறேன்."

நானா தாடியைச் சொறிந்தார். கடைக்காரர் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நானா அவர்களைப் பார்த்து, "அவ சொல்றதுல ஞாயம் ஈக்கி. ஞாயம் இல்லாட்டி ஒங்கள்ல ஒத்தர் எழும்பிச் சொல்லுங்கொ" என்றார். ஒருவரும் எழும்பவில்லை. (அந்தக் கூட்டத்தில் கூச்சக்காரன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போது ஒரு சந்தோஷம்.)

நடுவீட்டில் அப்பக் கடை வைத்திருந்த பொடிமெனிக்கே அக்கா, சிங்களம் பாதி தமிழ் பாதியாகச் சமாதானம் செய்தாள். "அனே, சண்டை வேணாம். நடுவுல வைங்க. என்ட கடை முன்னுக்கு நல்ல கல்லு இருக்கு."

குழாயடியில் நிற்கிறவர்கள் அப்பமும் சாப்பிடுவார்கள் என்று அவள் கணக்குப் போட்டது எல்லோருக்கும் புரிந்தது. ஆனாலும் நடு என்பது நடுதானே. ஒப்புக்கொண்டோம். குழாய் நடுவில், வந்த வரிசைப்படி தண்ணீர், எவருக்கும் தனி நேரம், தனிப் பாத்திரம் கிடையாது. இதை எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

மனு எழுதினேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் குறைவு, மற்றவர்களுக்குக் கட்டைவிரல். மை போதவில்லை. குடைத்துணிக்குப் போடுகிற கறுப்புச் சாயத்தைக் கொண்டுவந்தேன். அது குடையிலேயே ஆறு மாதம் போகாத சாயம். விரலில் எப்படிப் போகும்? இரண்டு கிழமை சந்தில் எல்லோருக்கும் ஒரே கறுப்புக் கட்டைவிரல். கடைக்காரர் விரல், அப்பம் சுடுகிற விரல், விளக்குமாறு பிடிக்கிற விரல் எல்லாம் ஒன்று. நானா பாக்கு எண்ணும்போது அதைப் பார்த்துச் சிரிப்பார். "இப்ப நம்மள்ல ஆரு ஆரெண்டு வெரலப் பாத்துச் சொல்லேலா, வேலு."

பதில் வந்தது. அந்த வருஷத்துக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு குழாய்தான் என்றும், அது எங்கள் சந்துக்கா, குன்றின் மறுபக்கத்துப் புதிய வீதிக்கா என்பதைத் தண்ணீர் எஞ்சினியர் துரை வியாழக்கிழமை நேரில் வந்து பார்த்துத் தீர்மானிப்பார் என்றும் இருந்தது. மறுபக்கத்து வீதியில் பெரிய மனிதர்கள் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வீட்டுக்கு ஒரு கிணறு ஏற்கெனவே உண்டு. ஆனால் துரையோடு இங்கிலீஷில் பேசவும் அங்கே ஆள் உண்டு. எங்களிடம் இருந்தது நான்.

"துரைய வரவேத்துக் கதைக்கிறது காரியதரிசிட வேல" என்றார் நானா. அன்றிரவு முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வரியில் ஒரு பேச்சு எழுதி மனப்பாடம் செய்தேன். "மேன்மை தங்கிய துரை அவர்களே" என்று தொடங்கும். குடை தைக்கும்போது, குளிக்கும்போது, செல்லம்மா பேசும்போதுகூட வாய்க்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சுத்தான் வராதே தவிர, துரையை வரவேற்பது எப்படி என்பதில் சந்திலேயே நான்தான் நிபுணன். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அது பால்குடியிலேயே தெரியும். துரை வந்தால் தோரணம் கட்ட வேண்டும். மாலை போட வேண்டும். வாசலில் நிறைகுடம் வைக்க வேண்டும். அவருக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடக்க வேண்டும். இவ்வளவும் சரியாகச் செய்தால் துரை மனம் குளிர்ந்து, கேட்டதில் கால்வாசியாவது கொடுப்பார். நாலு வரிப் பேச்சில் ஆகாததை ஒரு நிறைகுடம் செய்யும். வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைத்தால்?

சங்கத்தில் சொன்னேன். (நானே வாயைத் திறந்து சொன்ன முதல் யோசனை. அதைக் கேட்டதும் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அதுதான் வினை.)

"எங்க வீட்டுலயும் நல்ல காரியத்துக்குப் புன்கலச வைக்கிறதுதானே மல்லி" என்றாள் பொடிமெனிக்கே. என்னை மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவாள்.

"எங்ககிட்ட பித்தளக் கொடம் இல்ல. மண்ணெண்ணத் தகரத்துல மாவில சொருகி வைக்கலாமா?" என்று கேட்டாள் மாரியாயி அக்கா.

"தாராளமா வைக்கலாம்" என்றேன்.

நானா யோசித்தார். "நாங்க மாவில, தேங்கா வெக்கிறல்ல. ஆனா விருந்தாளிக்குக் கை கால் கழுவத் தண்ணி நெறச்சி வெக்கிற எங்கட பழக்கமும்தான். எங்கட ஊட்டுப் பெரிய பித்தளக் கொடத்த வெக்கிறன்."

மூன்று சனமும் ஒரே காரியத்தில் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீருக்கு அப்போதே ஒரு ஜாடை தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் பெண்கள் பீலிக்கு இறங்கினார்கள். நாற்பத்து மூன்று வீட்டுக்கு நாற்பத்து மூன்று குடம். வீட்டுத் தேவையை ஒத்திவைத்துவிட்டு நிறைகுடத்துக்குச் சுமந்தார்கள். பித்தளைக் குடம், மண் குடம், மண்ணெண்ணெய்த் தகரம் எல்லாம் தளும்பத் தளும்பச் சந்தின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக நின்றன. ஆனால் சந்தோ சரிவு. முதல் நாள் மழையில் செம்மண் வழுக்கியது. குடம் சாயாமல் இருக்க ஒரு வேலை செய்தேன். குடை கட்டுகிற உறுதியான கயிற்றை எடுத்து, மேல்கோடியில் நானாவின் குடத்தில் தொடங்கி, ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் ஒரு சுற்றுப் போட்டு, கீழ்க்கோடி வரை போய், மறு ஓரமாகத் திரும்பி மேலே வந்து முடித்தேன். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் அல்லவா? "ஒற்றுமைக்கும் அது அடையாளம்" என்று நானாவிடம் சொன்னேன். அவர் மாஷா அல்லாஹ் என்றார்.

செல்லம்மா வாசலில் நின்று குடங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏங்க, ஒண்ணு கேக்கணும்..." என்றாள்.

"பேசாத. பேச்சு மறந்துபோயிரும்" என்றேன்.

துரை பத்து மணிக்கு வந்தார். நெட்டையான வெள்ளைக்காரர், வெள்ளைக் காற்சட்டை, கையில் குறிப்புப் புத்தகம். கூடவே மொழிபெயர்க்க ஒரு கிளாக்கர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், அவருடைய சால்வை மடிப்பில் கை வைத்தால் வெட்டும் போல இருந்தது. நான் மாலையோடு முன்னால் போனேன். நாற்பத்து மூன்று வீடும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன்.

"மேன்மை" என்றேன்.

அதற்கு மேல் வரவில்லை. தொண்டைக்குள் ஒரு குடை விரிந்து அடைத்துக்கொண்டது போல் இருந்தது. துரை கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மாலையைத் தானே என் கையிலிருந்து வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

சந்தின் கீழ்க்கோடி வரை போனார். ஒவ்வொரு குடத்தையும் பார்த்தார். சிலவற்றில் குனிந்து பார்த்தார். ஒரு தகரத்தை விரலால் தட்டினார், தளும்பியது. திரும்பி மேலே வந்தார். முகத்தில் நல்ல சிரிப்பு. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நிறைகுடம் வேலை செய்கிறது! துரை புத்தகத்தில் ஏதோ எழுதி, கிளாக்கர் ஐயாவிடம் சொன்னார். கிளாக்கர் ஐயா எங்களிடம் திரும்பினார்.

"துரை உங்கட வரவேற்புக்கு நன்றி சொல்லுறார். இவ்வளவு தண்ணி தன்ர பங்களாவிலையும் இல்லையாம். உங்களுக்கு ஒரு குறையும் இல்லாதபடியால் அந்தப் பக்கத்து றோட்டைப் பாக்கப் போறாராம்."

நாற்பத்து மூன்று வீட்டு முகமும் குடத்தைப் பார்த்தது. குடத்திலிருந்து மெதுவாக என்னைப் பார்த்தது. செல்லம்மா மட்டும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் கேட்க வந்தது இதைத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. தண்ணீர் இல்லை என்று காட்டுகிற நாளில், ஊர் முழுக்கத் தண்ணீரை நிறைத்து வைத்து அழைத்த மடையன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"அனே மல்லி, சொல்லுங்க! ஏதாச்சும் சொல்லுங்க!" என்றாள் பொடிமெனிக்கே.

"வேலு! துரை போறார்!" என்றார் நானா.

ஓடிப்போய்த் துரையின் முன்னால் நின்றேன். கை கூப்பினேன். சொல் வரவில்லை. துரை விலகி நடந்தார். நான் கும்பிட்டபடியே, தோட்டத்து மரியாதையை விடாமல், அவர் முகத்தைப் பார்த்தவாறே பின்னோக்கி நடந்தேன். ஓர் அடி. இரண்டு அடி. மூன்றாவது அடியில் என் குதிகால் நானாவின் பெரிய பித்தளைக் குடத்தில் இடித்தது.

குடம் சாய்ந்தது. நான் அதன்மேல் சாய்ந்தேன். குடம் என்னை உதறிவிட்டுச் சரிவில் உருண்டது. அது சும்மா உருளவில்லை. கழுத்தில் கயிறு இருந்ததே! பக்கத்துக் குடத்தை இழுத்தது. அது அடுத்ததை இழுத்தது. ஒற்றுமை என்றால் அப்படியொரு ஒற்றுமை. டங், டமார், களக், டங் என்று சத்தம் கீழ்க்கோடி வரை இறங்கி, லயத்து வாசலில் திரும்பி, மறு ஓரமாக மேலே ஏறி வந்தது. வருவது தெரிந்தும் எவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. துரை என்ன சத்தம் என்று பார்க்க ஒரு காலைப் பின்னால் வைத்தார். கயிற்றின் கடைசி முனை அந்தக் காலடியில்தான் கிடந்தது. அது விறைத்தது. துரை, மாலை போட்டபடி, செம்மண் சேற்றில் உட்கார்ந்தார்.

சந்து முழுக்க ஓடை. நடுவில் துரை, அவருக்கு எதிரே நான், இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்திருந்தோம். எங்கள் சங்கம் கேட்ட சமத்துவம் முதன்முதலில் கிடைத்தது அந்த இடத்தில்தான் என்று நானா பிறகு சொல்வார்.

கிளாக்கர் ஐயா துள்ளினார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? துரை கழுவத் தண்ணி கொண்டு வாங்கோ! கெதியா!"

மாரியாயி அக்காதான் பதில் சொன்னாள். "எங்கருந்து சாமி கொண்டாறது? இருந்ததெல்லாம் ஒங்க காலடியிலதான் ஓடுது. வூட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்ல. தொரைய ஒக்காரச் சொல்லுங்க. பீலிக்குப் போயிட்டு வாறோம்."

நானா கடையிலிருந்து கதிரை கொண்டுவந்து போட்டார். துரை உட்கார்ந்தார். உடையாத குடங்களையும் தகரங்களையும் பெண்கள் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நானாவின் வீட்டிலிருந்து அவருடைய மூத்த தங்கச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து மாரியாயி அக்காவின் பின்னால் நடந்தாள். தண்ணீருக்கு ஆள் வைத்திருந்த வீடு அது. அன்றைக்கு ஆளைத் தேட நேரமில்லை. செல்லம்மாவும் குடத்தை எடுத்தாள்.

எனக்கு அந்த இடத்தை விட்டு எப்படியாவது ஓட வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், தர்ம சிந்தனை ஒன்றும் இல்லை. செல்லம்மாவின் கையிலிருந்த குடத்தைப் பறித்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன். கலியாணமாகி மூன்று வருஷத்தில் நான் குடம் தூக்கியது அதுதான் முதல் தடவை.

பீலியில் வரிசை. தண்ணீர் ஒரு நூல் கனத்துக்குத்தான் விழும். ஒரு குடம் நிறைய ஒரு வெற்றிலை போட்டுத் துப்பலாம். நான் இருபதாவது ஆள். பெண்களுக்கு நடுவில் ஒரே ஆண்பிள்ளை, அதுவும் சேற்றுக் கோலத்தில். இனி மடுல்கெல்லவுக்கே திரும்பிப் போய்விட வேண்டியதுதான் என்று யோசித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் வரிசை சட்டென்று அமைதியானது. திரும்பிப் பார்த்தேன்.

துரை! காத்திருந்து பொறுக்காமல் தானே இறங்கி வந்துவிட்டார். முகத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. பின்னால் கிளாக்கர் ஐயா, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. துரை மூங்கிலைப் பார்த்தார். நூல் போல் விழும் தண்ணீரைப் பார்த்தார். வரிசையைத் தலை தலையாக எண்ணினார். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். வரிசைக்குள் புகுந்து கழுவாமல் ஓரமாக நின்றார்.

என் குடம் நிறைந்ததும் தோளில் வைத்துப் படியேறத் திரும்பினேன். துரையும் பின்னால் ஏற வந்தார். அப்போதுதான் எனக்கு ஒரு சங்கடம். முன்னால் போகிறவன் துரைக்கு முதுகைக் காட்டாமல் எப்படி ஏறுவது? ஆகவே பின்னோக்கி ஏறினேன். (சிரிக்காதீர்கள். பழக்கம் என்றால் அப்படித்தான்.) ஐந்து படி ஏறியிருப்பேன், குடம் ஆடியது, துரை பாய்ந்து வந்து இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்தார். பிடித்து, ஒரு கதவைத் திருப்புவது போல என்னை முன்பக்கம் திருப்பிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "நேரே பார். நேரே போ" என்றார்.

போனேன். நூற்றிருபது படி. அறுபதாவது படியில் என் முழங்கால் கெஞ்சியது. எண்பதாவது படியில் ஆறு மாத வயிற்றோடு செல்லம்மா இதைத் தினமும் இரண்டு முறை ஏறினாள் என்பது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு முழங்காலைப் பற்றி நினைக்கவில்லை.

மேலே வந்தபோது கிளாக்கர் ஐயா கல்லில் விழுந்து உட்கார்ந்துவிட்டார். சால்வை எந்தப் பக்கம் போனது என்று அவருக்கே தெரியாது. மாரியாயி அக்கா தன் தகரத்தை இறக்கி வைத்து, சிரட்டையில் மொண்டாள். முதலில் துரை கையைக் குவித்துக் குடித்தார். அடுத்து அவள் கிளாக்கர் ஐயாவைப் பார்த்தாள். அவர் தகரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"குடிப்பீங்களா சாமி? மேல விட்டு ஊத்தவா?" என்றாள் அவள். குரலில் குத்தலும் இருந்தது, இரக்கமும் இருந்தது.

"ஓம், ஓம்... சிரட்டையோடையே தாங்கோ" என்று வாங்கி வாய் வைத்துக் குடித்தார். இரண்டாவது சிரட்டையும் கேட்டார்.

துரை கால் முகம் கழுவிக்கொண்டு ஏதோ கேட்டார். கிளாக்கர் ஐயா மூச்சு வாங்கியபடியே சொன்னார். "துரை கேக்கிறார், இதை ஏன் ஒருத்தரும் முதலே சொல்லேல்லை எண்டு."

நாற்பத்து மூன்று வீடும் என்னைப் பார்த்தது. இனி ஓட இடமில்லை. குடத்தை இறக்கி வைத்தேன். கை கூப்பினேன். வாயைத் திறந்தேன். நிச்சயமாக ஏதோ வந்தது.

"தங்கிய" என்றேன்.

ஒன்றரை மணி நேரத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து பேச்சு ஒரு சொல் நகர்ந்திருந்தது. முதலில் சிரித்தது நானா. பிறகு சந்தே சிரித்தது. துரைக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவரும் சிரித்தார். மீதியை மாரியாயி அக்கா சொன்னாள், பொடிமெனிக்கே சொன்னாள், நானாவின் தங்கச்சி முக்காட்டுக்குள்ளிருந்தே சொன்னாள். கிளாக்கர் ஐயா எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். இரண்டு மடங்கு நீளமாக மொழிபெயர்த்தார் என்று நினைக்கிறேன். படி என்று வரும் இடத்தில் எல்லாம் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். புறப்படும்போது என்னிடம் வந்து, "தம்பி, றிப்போட்டிலை நூற்றிருபது படி எண்டு நானே எழுதிறன். எண்ணிப்போட்டன்" என்று மெதுவாகச் சொன்னார்.

குழாய் வந்தது. எங்கள் மகள் பிறந்து மூன்று மாதத்தில், சந்தின் நடுவில், பொடிமெனிக்கே காட்டிய கல்லின்மேல் வந்தது. அதுவரைக்கும் வீட்டுக்குத் தண்ணீர் நான்தான் சுமந்தேன். முதல் கிழமை சிரித்தார்கள். இரண்டாவது கிழமை பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம், "குடைக்காரர் தூக்குறாரே, ஒங்களுக்கென்ன?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு மாதத்தில் பீலி வரிசையில் பாதி ஆண்கள். என்மேல் அவர்களுக்கு இருந்த கோபம் தீர வெகுநாள் ஆயிற்று. அன்று உடைந்த ஒன்பது மண் குடத்துக்கும் பிராயச்சித்தமாக, அந்த வீட்டுக் குடைகளுக்கெல்லாம் புதுத் துணி போட்டுக் கொடுத்தேன்.

குழாய் திறந்த அன்று எவர் முதலில் பிடிப்பது என்று ஒரு சின்னச் சண்டை மூளப் பார்த்தது. வந்த வரிசைப்படி என்று மனுவில் எழுதியிருப்பதை நானா ஞாபகப்படுத்தினார். விடியுமுன்பே கூட்ட வந்து, அங்கேயே விளக்குமாற்றை வைத்துவிட்டு நின்ற மாரியாயி அக்காதான் முதல் ஆள். முணுமுணுத்த கடைக்காரர் ஒருவர் அவளுக்குப் பின்னால் நின்றார். முணுமுணுத்தபடியேதான் நின்றார், ஆனாலும் நின்றார். என்னை மட்டும் குழாயிலிருந்து பத்து அடி தள்ளி நிறுத்தி வைத்தார்கள்.

பிறகு தெருவிளக்குக்கு மனுப் போட்டபோது பேசுவதற்கு வேறு ஆளைப் போட்டார்கள். காரியதரிசி நான்தான். "கதைக்கிறத்துக்கு ஆள் ஈக்கி. விழுறத்துக்கு நீங்க வேணும்" என்றார் நானா.

சென்ற ஆண்டு அந்த மகளுக்குக் கலியாணம். சம்பந்தி வீட்டார் மடுல்கெல்லவிலிருந்து வந்து இறங்கினார்கள். வாசலில் இரண்டு நிறைகுடம். எங்கள் குழாய்த் தண்ணீர். நான் கை கூப்பி, "வாங்க, வாங்க" என்றேன். (அவ்வளவு பேச இப்போது முடிகிறது.) பழக்கத்தில் ஒரு கால் பின்னால் போயிருக்கிறது. உடனே என் இரண்டு தோளையும் யாரோ பிடித்து முன்பக்கம் திருப்பினார்கள். தாடி முழுக்க நரைத்த நானா.

"நேரே பாருங்கொ, செக்கடரி. நேரே போங்கொ."

சம்பந்தி குனிந்து குடத்தைப் பார்த்து, "ஏங்க, நெறகொடத்தக் கயித்தால தூணோட கட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

கட்டியது மாரியாயி அக்கா. சந்தில் எந்த வீட்டு விசேஷமானாலும் அவள் அப்படித்தான் கட்டுவாள். ஒன்றோடொன்று கட்டுவதில்லை; தனித்தனியாகத் தூணோடு கட்டுவாள். பொடிமெனிக்கே வீட்டுப் புன்கலசத்துக்கும் கயிறு உண்டு. நானா வீட்டில் விருந்தாளிக்குக் கை கழுவ வைக்கும் பித்தளைக் குடத்துக்கும் உண்டு. அதன் வயிற்றில் ஒரு பெரிய நெளிவும் உண்டு. புதிதாகக் குடிவருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, கண்டிப் பக்கத்தில் ஏதோ பழைய சம்பிரதாயம் போலிருக்கிறது என்று தாங்களும் பயபக்தியோடு ஒரு கயிறு வாங்கிக் கட்டிவிடுகிறார்கள்.

நான் எதுவும் சொல்வதில்லை. எனக்குத்தான் கூச்ச சுபாவமாயிற்றே.